ரஞ்சியில் குவித்த ரன்கள் டெஸ்ட்டில் செல்லுபடியாகுமா?

இந்திய டெஸ்ட் அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாதங்கள் தவறாமல் எழுகின்றன. மாநில அணிகள் மோதும் உள்ளூர்த் தொடரான ரஞ்சி கோப்பையில் ஆண்டுக்கணக்காக ரன் குவித்தவரை விட்டுவிட்டு, ஐபிஎல்லில் இரண்டு மாதம் அடித்து ஆடியவரை எடுத்தது அநியாயம் என்பது ஒரு வாதம். ரஞ்சியில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், சர்வதேச ஆட்டம் வேறு என்பது மற்றொன்று. முதல் தரப்பினர், உள்ளூரில் ரன் குவித்துக் காத்திருந்து, வாய்ப்புக் கிடைத்ததும் நிலைபெற்ற ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஹசியைக் காட்டுவார்கள். இரண்டாம் தரப்பினர், உள்ளூரில் ரன் குவித்தும் டெஸ்ட்டில் சோபிக்காத இங்கிலாந்தின் கிரேம் ஹிக்கைக் காட்டுவார்கள். இரு பெயர்களும் உண்மைதான் என்பதால் விவாதம் எந்த முடிவுக்கும் வருவதில்லை. ஓர் எண் எப்படி உண்டானது என்று கேட்காமல், அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டையிடுவதுதான் சிக்கல்.

உள்ளூர்ப் போட்டிகளில் பெறும் வெற்றி சர்வதேச வெற்றியை முன்கூட்டியே காட்டுமா என்ற கேள்விக்கு, ஓரளவு காட்டும் என்பதே நேர்மையான பதில். அந்த ஓரளவு எவ்வளவு, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை, புள்ளியியல் படிக்காதவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

பள்ளித் தேர்வும் பொதுத்தேர்வும்

அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவி 95 மதிப்பெண் பெற்றால், பொதுத்தேர்விலும் நன்றாகவே எழுதுவாள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பது சில விவரங்களைப் பொறுத்தது. வினாத்தாள் கடினமானதா, திருத்திய ஆசிரியர் தாராளமானவரா, இது ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணா அல்லது மூன்று ஆண்டுகளாக இதே நிலையா என்றெல்லாம் எந்தப் பெற்றோரும் இயல்பாகவே விசாரிப்பார்கள். ஒரு பேட்ஸ்மேனின் ரஞ்சி சராசரி, அதாவது ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் அவர் சராசரியாக எடுக்கும் ரன், 60 என்று கேட்டவுடன் மட்டும் இந்த விசாரணையை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வது நல்லது. மூன்று நாள்களோ அதற்கு மேலோ நடப்பதாகத் திட்டமிடப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் கொண்ட, அங்கீகாரம் பெற்ற ஆட்டத்தை முதல்தரப் போட்டி என்கிறோம். 1934-இல் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்துடன் தொடங்கிய ரஞ்சி கோப்பை, இங்கிலாந்தின் கவுன்ட்டி சாம்பியன்ஷிப், ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்டு ஷீல்டு ஆகியவை எல்லாம் முதல்தரப் போட்டித் தொடர்களே. டெஸ்ட் ஆட்டங்களும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே ஒரு வீரரின் முதல்தரச் சராசரியில் அவருடைய டெஸ்ட் ரன்களும் கலந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

யாருக்கு எதிராக எடுத்த ரன்?

முதல் விசாரணை எதிரணியைப் பற்றியது. ஷெஃபீல்டு ஷீல்டில் ஆறே அணிகள்தான் ஆடுகின்றன. ஒரு நாட்டின் தலைசிறந்த அறுபது எழுபது பேர் ஆறு அணிகளில் அடைபட்டிருப்பதால், அங்கே எளிதான ஆட்டம் என்று ஒன்று கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் கவுன்ட்டிகள் பதினெட்டு. ரஞ்சியிலோ இப்போது 38 அணிகள் உள்ளன. அணிகளின் எண்ணிக்கை கூடக்கூடத் திறமை மெலிதாகப் பரவும் என்பதால், வலுவான அணிக்கும் வலுவற்ற அணிக்கும் இடையிலான தூரம் பெரிதாகிறது.

2018-19 பருவத்தில் வடகிழக்கு மாநிலங்களும் பீகாரும் உள்ளிட்ட பல புதிய அணிகள் ரஞ்சியில் சேர்ந்து, பிளேட் என்னும் கீழ்ப்பிரிவில் தங்களுக்குள் மோதின. அந்த ஆண்டில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரே பருவத்தில் அதிக விக்கெட் என்று 1974-75-இல் பிஷன் சிங் பேடி 64 விக்கெட் எடுத்து ஏற்படுத்திய சாதனை அதனால் முறிந்தது. அதே பிரிவில் சிக்கிமுக்காக ஆடிய மிலிந்த் குமார் 1,331 ரன் எடுத்து, 1999-2000-இல் லட்சுமண் எடுத்த 1,415 ரன் என்னும் சாதனையை நெருங்கினார். இருவரில் எவருக்கும் இந்திய அணியின் கதவு திறக்கவில்லை. மிலிந்த் குமார் பின்னர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து அந்நாட்டு அணிக்காக ஆடினார். 2024-25-இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 விக்கெட் எடுத்து அமனின் சாதனையைத் தாண்டினார். 68-க்கும் 69-க்கும் வித்தியாசம் ஒன்றுதான் என்றாலும், துபே அவற்றை மேல்பிரிவு அணிகளுக்கு எதிராக, கோப்பையை வென்ற அணிக்காக எடுத்தவர். பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு எண்களும் ஒரே பொருளைத் தருவதில்லை. அமன் தமக்கு முன்னால் வந்தவர்களுக்கு எதிராகத்தான் பந்துவீச முடியும் என்பதால், இது அவரைக் குறைத்துச் சொல்வதும் அல்ல.

எதிரணியின் தரம் என்பதை இன்னும் நெருங்கிப் பார்த்தால், பேட்ஸ்மேனுக்கு அது பெரும்பாலும் நேரமாகத்தான் தெரியும். பந்துவீச்சாளரின் கையிலிருந்து பேட்ஸ்மேனை அடையப் பந்து சுமார் 18 மீட்டர் பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதற்கு ஏறத்தாழ அரை நொடி ஆகும். 145 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த அரை நொடியில் இருபதில் ஒரு நொடி குறைந்துபோகும். கண்சிமிட்டும் நேரத்தைவிடவும் சிறியதாகத் தோன்றும் அந்த இடைவெளியில் பந்து இரண்டு மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். முன்காலை வைப்பதா, பின்காலில் செல்வதா என்று தீர்மானிக்கும் பழக்கம் 130-க்கு ஏற்ப உடம்பில் ஊறியவருக்கு, ஒரு பவுன்சரில் தடுமாறவோ ஸ்லிப்பில் பிடிபடவோ அந்த இரண்டு மீட்டர் போதுமானது. குறைந்த வேகத்துக்கு எதிராக எத்தனை ஆயிரம் ரன் எடுத்தாலும், இந்த ஒரு கேள்விக்கு அவரிடம் விடை இருக்கிறதா என்பது தெரியவராது, ஏனெனில் அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படவே இல்லை.

ஹிக்கின் கதையை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். ஜிம்பாப்வேயில் பிறந்த அவர், இங்கிலாந்துக்காக ஆடும் தகுதிக்காக ஏழாண்டு காத்திருந்த காலத்தில் வூஸ்டர்ஷயர் கவுன்ட்டிக்காக ரன்களை மலைபோல் குவித்தார். 1988-இல் சோமர்செட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 405 எடுத்தார். 1991-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அறிமுகமாகி, முதல் தொடரில் ஏழு இன்னிங்ஸில் 75 ரன் மட்டுமே எடுத்தார். முதல்தரப் போட்டிகளில் 136 சதங்களுடன் 52 சராசரி கொண்டவர், 65 டெஸ்ட்டுகளில் 31 சராசரியுடன் ஓய்ந்தார். கவுன்ட்டி ஆட்டத்தின் மென்மைக்கு இதுவே சாட்சி என்பார்கள். ஆனால் 1988 மே மாதத்தில், சுற்றுப்பயணம் வந்திருந்த அதே மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக அவர் 172 எடுத்திருக்கிறார். எனவே ஹிக்கால் வேகத்தை ஆடவே முடியாது என்று சொல்வதைவிட, தொடர்ந்து நான்கு பேர் வேகமாக வீசி ஓய்வே தராத ஒரு டெஸ்ட் தொடரில் அவரால் அதை நீடிக்க முடியவில்லை என்பதே சரியாக இருக்கும்.

எந்த ஆடுகளத்தில், எந்தப் பந்தில்?

இரண்டாவது விசாரணை சூழலைப் பற்றியது. இந்தியாவில் எஸ்ஜி பந்து, இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா. எஸ்ஜியின் தையல் எடுப்பாக இருப்பதால் சுழற்பந்து வீச்சாளருக்குப் பிடி கிடைக்கிறது. டியூக்ஸ் நெடுநேரம் ஸ்விங் ஆகும். கூக்கபுராவின் தையல் விரைவில் அமுங்கிவிடும் என்பதால், அதன் பிறகு வேகமோ உயரமோ இல்லாதவருக்கு விக்கெட் கிடைப்பது கடினம். கென்ட் அணிக்காக நாற்பது வயதைத் தாண்டியும் மித வேகத்தில் விக்கெட்டுகளை அள்ளிய டேரன் ஸ்டீவன்ஸ் இங்கிலாந்துக்கு ஆடாததற்கு வயது மட்டும் காரணமல்ல; ஏப்ரல் மாத ஈரப்பதத்தில் டியூக்ஸ் செய்யும் வேலையை பிரிஸ்பேனில் கூக்கபுரா செய்யாது என்பது தேர்வாளர்களுக்குத் தெரியும். இந்த இடைவெளியைக் குறைக்க ஆஸ்திரேலியா சில ஆண்டுகள் ஷீல்டின் பிற்பகுதியில் டியூக்ஸைப் பயன்படுத்தியது. இங்கிலாந்து 2023-இலிருந்து கவுன்ட்டியின் சில சுற்றுகளில் கூக்கபுராவைப் பயன்படுத்திப் பார்த்தது.

இலங்கையின் மலிந்த புஷ்பகுமார இதற்கு இன்னொரு வகைச் சான்று. டெஸ்ட்டில் அறிமுகமாகும் முன்பே முதல்தரப் போட்டிகளில் 500-க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்திருந்தவர். 2019-இல் ஓர் இன்னிங்ஸில் 37 ரன்னுக்குப் பத்து விக்கெட்டையும் வீழ்த்தியவர். நான்கு டெஸ்ட்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 14 விக்கெட். முதல் நாளிலிருந்தே சுழலும் ஆடுகளங்கள் மிகுந்த உள்ளூர் அமைப்பில், நல்ல சுழற்பந்து வீச்சாளரையும் சுமாரானவரையும் விக்கெட் எண்ணிக்கையால் பிரித்தறிவது கடினம்.

2016-17-இல் இந்திய கிரிக்கெட் வாரியம் ரஞ்சி ஆட்டங்களை, மோதும் இரு அணிகளுக்கும் சொந்த ஊர் அல்லாத பொது மைதானங்களில் நடத்திப் பார்த்தது. சொந்த ஊர் அணிக்குச் சாதகமாக ஆடுகளம் தயாரிப்பதைத் தடுப்பது நோக்கம். ஒரே பருவத்தில் அது கைவிடப்பட்டது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: உள்ளூர்ச் சராசரி என்பது வீரரின் திறமையை மட்டும் அளப்பதில்லை, எதிரணி, ஆடுகளம், பந்து ஆகியவையும் அதில் சேர்ந்து அளக்கப்படுகின்றன. அவற்றைக் கழித்துப் பார்த்தால்தான் திறமை எவ்வளவு என்று தெரியும்.

எத்தனை முறை ஆடியது?

மூன்றாவது விசாரணையைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம் என்பது என் கருத்து. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனின் ரன்கள் மிகவும் ஏறி இறங்கும். சராசரி 45 உள்ளவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் 45 எடுப்பதில்லை. 3, 112, 0, 27, 88 என்று எடுப்பார். ஒரு நல்ல பந்து, ஒரு தவறான தீர்ப்பு, ஸ்லிப்பில் நழுவிய ஒரு கேட்ச் எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கும். திறமையில் மாற்றமே இல்லாமல் எண் மட்டும் இப்படி ஏறி இறங்குவதைத் தற்செயல் ஊசலாட்டம் என்று அழைக்கலாம்.

இதை ஏறக்குறைய அளக்கவும் முடியும். ஓர் இன்னிங்ஸில் ரன்கள் சிதறும் அளவு, தோராயமாக அந்தச் சராசரிக்குச் சமமாகவே இருக்கும். 16 இன்னிங்ஸ் ஆடினால், அந்தச் சிதறல் 16-இன் வர்க்கமூலமான நான்கால் வகுபடும். ஆகவே உண்மையான திறமை 45 ஆக உள்ள ஒருவர், 16 இன்னிங்ஸ் கொண்ட ஒரு ரஞ்சி பருவத்தில் 34-க்கும் 56-க்கும் இடையே எந்தச் சராசரியும் பெறலாம். மூன்றில் ஒரு பருவத்தில் அதற்கும் வெளியே போகலாம்.

இப்போது ஒரே அளவு திறமை கொண்ட முப்பது பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் உண்மைச் சராசரி 45தான். ஒரு பருவத்தின் முடிவில் அவர்களில் ஒருவர் 65-ஐ ஒட்டி நிற்பார். அவருடைய பெயர்தான் செய்திகளில் அடிபடும். அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் 45-ஐ நோக்கியே வருவார். அவர் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, தலைக்கனமும் ஏறவில்லை. மிக உயர்ந்த எண்ணில் தற்செயலின் பங்கு மிகுதி என்பதால் அடுத்த முறை அது இறங்குகிறது. இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். ஒரு பருவத்தின் உச்சத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் சோபிக்கவில்லை என்று பின்னர் வருந்துவதில் பாதி, இந்த எளிய கணக்கை மறந்ததால் வருவது.

இதே கணக்கு டெஸ்ட் பக்கத்திலும் செல்லும். தமிழ்நாட்டின் சுப்பிரமணியம் பத்ரிநாத் முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரன்களை 54 சராசரியில் எடுத்தவர். 2010-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நாக்பூரில் அறிமுகமானார். டேல் ஸ்டெய்ன் 51 ரன்னுக்கு ஏழு விக்கெட் சாய்த்து இந்தியாவை 233-க்குச் சுருட்டிய இன்னிங்ஸில் அவர் எடுத்தது 56. அடுத்த இரண்டு இன்னிங்ஸில் 6, 1. அத்துடன் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. பத்ரிநாத்துக்கு டெஸ்ட் தரம் இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் மூன்று இன்னிங்ஸை வைத்துச் சொல்கிறார்கள். உண்மைச் சராசரி 40 உள்ளவருக்கு மூன்று இன்னிங்ஸின் சராசரி 17 ஆகவும் 63 ஆகவும் இயல்பாகவே அமையலாம். அவருக்குத் தரம் இருந்ததா இல்லையா என்பதை அந்த மூன்று இன்னிங்ஸ் எந்தப் பக்கமும் நிரூபிக்கவில்லை.

தோற்றவர்கள் மட்டும் நினைவில் நிற்பது ஏன்?

இந்தப் பகுதி சற்றே நுட்பமானது. உள்ளூர்ச் சராசரிக்கும் டெஸ்ட் சராசரிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவர்கள், டெஸ்ட் ஆடியவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இங்கிலாந்தின் மார்க் ராம்பிரகாஷ் 114 முதல்தரச் சதங்கள் அடித்தும் டெஸ்ட்டில் சராசரி 27. மார்கஸ் டிரெஸ்கோதிக், மைக்கேல் வான் இருவரும் தேர்வானபோது அவர்களுடைய கவுன்ட்டி சராசரி 40-க்கு வெகு கீழே. டெஸ்ட்டில் முன்னவர் 43, பின்னவர் 41. தொடர்பு தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் டிரெஸ்கோதிக் எப்படித் தேர்வானார் என்று பாருங்கள். 1999-இல் கிளாமோர்கன் அணியின் பயிற்சியாளராக இருந்த டங்கன் பிளெட்சர், தம் பந்துவீச்சாளர்களை, அவர்களில் தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸும் ஒருவர், டிரெஸ்கோதிக் அடித்து நொறுக்கி 167 எடுத்ததைத் தம் கண்ணால் கண்டார். பிறகு பிளெட்சர் இங்கிலாந்தின் பயிற்சியாளரானார். 2000-இல் டிரெஸ்கோதிக் அணிக்குள் வந்தார். அதாவது, எண் குறைவாக இருந்தும் எடுக்கப்பட்டவர், எண்ணில் தெரியாத வேறொரு வலுவான சான்றின் பேரில் எடுக்கப்பட்டவர். அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லாத, சராசரி 30 மட்டுமே கொண்ட பல நூறு பேர் டெஸ்ட் பட்டியலுக்குள் வரவே இல்லை. அவர்களையும் டெஸ்ட்டில் இறக்கியிருந்தால், பெரும்பாலோர் பத்துக்கும் இருபதுக்கும் ஆட்டமிழந்திருப்பார்கள். உள்ளூர்ச் சராசரி எவ்வளவு துல்லியமாகக் கணித்துவிட்டது என்று வியந்திருப்போம்.

முழுக் கூட்டத்தில் தெளிவாகத் தெரியும் தொடர்பு, வடிகட்டி எடுத்த சிறு குழுவுக்குள் மங்கிப்போவதை வீச்சுக் குறுக்கம் என்கிறார்கள். சலித்து முடித்த மாவில் நின்றுகொண்டு சல்லடை வேலை செய்யவில்லை என்று புகார் சொல்வதைப் போன்ற பிழை இது. ரஞ்சி சராசரியின் பெரும்பணி, தேர்வாளர்களின் மேசைக்கு எந்த நாற்பது பெயர்கள் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முடிந்துவிடுகிறது. அந்த நாற்பதுக்குள் 48 சராசரிக்காரரையும் 55 சராசரிக்காரரையும் பிரிக்க அதே அளவுகோல் போதாது.

வெற்றி பெற்றவர்கள் நம் விவாதங்களில் வருவதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. ரஞ்சியில் மலைமலையாக ரன் குவித்து வந்த சேதேஷ்வர் புஜாரா 103 டெஸ்ட்டுகளில் 7,195 ரன் எடுத்தார். ஹசி 15,000-க்கும் மேற்பட்ட முதல்தர ரன்களுடன் முப்பது வயதில் அறிமுகமாகி, டெஸ்ட்டில் 51 சராசரி பெற்றார். எதிர்பார்த்தது நடந்தால் அது செய்தியாவதில்லை. மறுபுறம், ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் வீழ்த்தியும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் வீசிய அதே இடக்கைச் சுழலுக்கு இந்திய அணியில் பேடி இருந்தார். ரஞ்சியில் 6,000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் வீரரான ஜலஜ் சக்சேனாவின் காலத்தில் அஸ்வினும் ஜடேஜாவும் இருந்தார்கள். இவர்களுடைய எண்கள் தவறாகக் கணித்தனவா, சரியாகக் கணித்தனவா என்று சரிபார்க்க வழியே இல்லை.

சுருக்கமாக: உள்ளூர் எண்கள் யாரை நீக்கலாம் என்பதை நன்றாகவும், மீதியிருப்போரில் யார் மேல் என்பதை மங்கலாகவும் சொல்கின்றன.

இடையில் ஒரு பாலம்

இந்த மங்கலைத் தெளிவாக்கத்தான், தேசிய அணிக்கு அடுத்த நிலையான ஏ அணியின் சுற்றுப்பயணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆடுகளம், வெளிநாட்டுப் பந்து, அடுத்த படியில் காத்திருக்கும் எதிரணி என்று மேலே கேட்ட கேள்விகளுக்கு ஓரளவு விடை அங்கே கிடைக்கும். வலைப்பயிற்சிக்காக அழைத்துச் செல்வதுகூடச் சில நேரம் உதவுகிறது. வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக அணியுடன் தங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தர், 2017-க்குப் பிறகு முதல்தரப் போட்டி எதிலும் ஆடியிருக்கவில்லை. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட்டும் 62 ரன்னும் எடுத்தார். இதை விதியாகக் கொள்ள முடியாது. ஆனால் ரஞ்சிக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு என்பதற்கு இது போதும்.

2025 இங்கிலாந்துத் தொடர்

இந்திய அணி இங்கிலாந்தில் ஆடிய அந்த டெஸ்ட் தொடருக்கு இரண்டு பேர் இரண்டு வழிகளில் சென்றார்கள். கருண் நாயர், 2024-25 ரஞ்சியில் விதர்பாவுக்காக 863 ரன், விஜய் ஹசாரே என்னும் உள்ளூர் ஒருநாள் தொடரில் ஐந்து சதங்களுடன் 779 ரன் என்று குவித்து, எட்டாண்டுக்குப் பிறகு அணிக்குத் திரும்பினார். சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சனின் முதல்தரச் சராசரி 40-ஐத் தொட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து முதலிடம் பிடித்தவர் அவர். தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாதங்களும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருந்தன என்று சொல்லலாம்.

நாயர் எட்டு இன்னிங்ஸில் 205 ரன், சராசரி 25. சுதர்சன் ஆறு இன்னிங்ஸில் 140 ரன், சராசரி 23. நாயர் பலமுறை நிலைத்து ஆடத் தொடங்கிய பின் ஆட்டமிழந்தார்; எட்டில் ஏழு முறை 14-ஐயோ அதற்கு மேலோ எட்டியும், ஐம்பதைக் கடந்தது ஒரே முறை, ஓவலில். மேலே சொன்ன கணக்கின்படி, உண்மைச் சராசரி 40 உள்ளவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் எட்டு இன்னிங்ஸில் இவ்வளவு குறைவாக எடுக்க நேரிடும். ரஞ்சி பொய் சொல்லிவிட்டது என்றோ, ஐபிஎல் பொய் சொல்லிவிட்டது என்றோ அந்தத் தொடரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

தேர்வாளர்களோ இன்னும் நாற்பது இன்னிங்ஸ் காத்திருந்து முடிவெடுக்க முடியாது. அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தொடரில் நாயர் இடம்பெறவில்லை, சுதர்சன் இடம்பெற்றார். டெல்லியில் 87 எடுத்தார். ஏறத்தாழ ஒரே சராசரியுடன் திரும்பிய இருவரில் ஒருவருக்கு வயது 33, மற்றவருக்கு 23. அந்தத் தேர்வில் எடை கூடிய எண் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.